எதில் மீன் மாதிரி?

என் மகளுக்கு எந்த நாளிலிருந்து காது மந்தமானது?

அடையாற்றில் அந்தக் காது மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. பெயர், வயது, எடை எல்லாம் எழுதி முடித்து, அடுத்த வரியை நிரப்புவதற்காக, "எப்போலேர்ந்தும்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். தீபாவளிக்கு முன்பா, பின்பா? மழை பிடித்துக்கொண்டதே, அந்த வாரமா? பக்கத்தில் நின்ற என் கணவர், "ஒரு மாசம் இருக்கும் சார்" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். உண்மை எது என்று தெரியாது. மருத்துவர் "ஒரு மாதம்" என்றே எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு சொற்களை அடித்துவிட்டு வேறு எதையோ எழுத வேண்டும் போல இருக்கும். எதை எழுதுவது?

அந்த வருஷம் நாங்கள் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். மகள் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள், ஐந்து வயது ஆகியிருக்கவில்லை. கணவருக்குப் பாரிமுனையில் அலுவலகம். நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி, தி.நகரில் பள்ளிக்கூட கைடுகள் போடும் ஒரு பதிப்பாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்தாள். அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொன்னார். உவமை, உருவகம், சிலேடை, ஆகுபெயர் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுகிற இலக்கியச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம், ஒரே ஓர் எடுத்துக்காட்டு.

"பழைய பாட்டெல்லாம் வேணாம் மேடம்" என்றார் பதிப்பாளர். "அது எல்லா கைடுலயும் இருக்கு. பசங்க வீட்ல, பஸ்ல பேசற மாதிரி குடுங்க. படிச்சா, 'அட, இதைத்தானே நான் தெனம் பேசறேன்'னு தோணணும்."

அன்றிலிருந்து வீட்டில் யார் எதைப் பேசினாலும் நான் காகிதத்தைத் தேட ஆரம்பித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் குணம் எனக்கு முன்பிருந்தே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "பொண்ணு ரொம்ப எளிமையா இருக்கா" என்றார். நகை போதாது என்கிறாரா, முகம் சுமார் என்கிறாரா, இல்லை நிஜமாகவே எளிமையைத்தான் மெச்சுகிறாரா? கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்கு முடிவு தெரியவில்லை. அந்தப் புத்தகம் இந்தக் குணத்துக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. அதுவரை சந்தேகமாக இருந்ததற்கு இலக்கணப் பெயர்கள் கிடைத்தன.

உதாரணத்துக்கு, வீட்டுக்கார மாமி. ஒருநாள் மாடிப்படியில் நின்று சொன்னார்: "உங்காத்து டிவி எங்காத்துல நன்னாக் கேக்கறதும்மா. எனக்கு டிவியே போட வேண்டியிருக்கலை. ஏழு மணி நியூஸை அடுக்குள்ள நின்னுண்டே கேட்டுக்கறேன். ரொம்ப உபகாரம்."

நான் சிரித்துவிட்டு மேலே வந்து, நேராக மேஜைக்குப் போய் எழுதினேன்: *வஞ்சப்புகழ்ச்சி அணி: புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும்.* எடுத்துக்காட்டு, மாமியின் வாக்கியம். கிடைத்ததே என்று சந்தோஷம் ஒரு பக்கம். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் மாமி அடி போடுகிறார் என்று பயம் மறுபக்கம். டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்தேன். ஐந்து நிமிஷத்தில் மகள் போய்த் திருகிக் கூட்டினாள். மறுபடி குறைத்தேன். அவள் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "கண்ணு கெட்டுப்போகும், தள்ளி உக்காரு" என்று அதட்டினேன்.

கண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். எழுதும்போதே கூசுகிறது.

அதே மாதம் பள்ளிக்கூட டைரியில் அவளுடைய மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டே வரி. மிகவும் அமைதியான குழந்தை, வகுப்பில் இருப்பதே தெரிவதில்லை என்று பொருள். கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம்.

என் கணவர் படித்துவிட்டு, "பரவால்லையே, ஸ்டார் வாங்கிட்டு வந்திருக்கா" என்றார்.

"இருப்பதே தெரிவதில்லைன்னா என்னங்க அர்த்தம்?"

"அமைதியா இருக்கான்னு அர்த்தம்."

"அதைத்தான் முதல் வரியிலயே எழுதிட்டாங்களே. அப்ப ரெண்டாவது வரி எதுக்கு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "உன்னோட பேசணும்னா கோனார் நோட்ஸ் வெச்சுக்கிட்டுத்தான் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த இரண்டாவது வரியை நான்கைந்து நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். வீட்டில் என் மகள் வாயாடி. பொம்மையோடு, சுவரோடு, குழாயோடு எல்லாம் பேசுவாள். அவள் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை என்றால், திறக்க விடவில்லை என்றுதானே பொருள்? அடிக்கிறார்களோ? கடைசி பெஞ்சில் போட்டுவிட்டார்களோ? தட்டில் சோறு பிசையும்போது கேட்டேன்.

"மிஸ் உன்னை அடிப்பாங்களா?"

"இல்ல."

"திட்டுவாங்களா?"

"தெரியாது."

"தெரியாதா? திட்டினா தெரியாதாடி? மிஸ் எப்படிப் பேசுவாங்க, சொல்லு."

"மிஸ் மீன் மாதிரி பேசறாங்க" என்றாள்.

எனக்குச் சோற்றுக் கையோடு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அவள் அப்பா அந்த வருஷம்தான் ஒரு கண்ணாடித் தொட்டியில் மூன்று தங்கமீன்கள் வாங்கி வைத்திருந்தார். அவற்றைப் பார்த்து, மிஸ்ஸையும் பார்த்து, இரண்டையும் சேர்க்கத் தெரிந்திருக்கிறதே! கையைக் கழுவிவிட்டு எழுதினேன். உவமை அணிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்று நினைத்தேன். *எங்கள் ஆசிரியை மீன் மாதிரி பேசுகிறார். பொருள்: ஆசிரியை. உவமை: மீன். உவம உருபு: மாதிரி.* நான்காவதாக ஒன்று உண்டு. இரண்டுக்கும் பொதுவான பண்பு எது என்று சொல்ல வேண்டும். குழந்தை அதைச் சொல்லவில்லை. பொதுத்தன்மை வெளிப்படையாகச் சொல்லப்படாமல் தொக்கி நின்றால் அது தொகை உவமை. படிப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் நிரப்பினேன். *பொதுத்தன்மை: ஓயாமல் வாயைத் திறந்து மூடுதல்.*

அதாவது மிஸ் சதா தொணதொணக்கிறார். நான் ஏற்கெனவே சந்தேகப்பட்டதோடு அது கச்சிதமாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகு அவள் நிறையச் சொன்னாள். ஐப்பசி மழை எங்கள் துணி துவைக்கும் இடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கொட்டியபோது, நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன். அவள் ஜன்னலில் சாய்ந்து, "மழை பஞ்சு மாதிரி விழுது" என்றாள். எழுதிக்கொண்டேன். இன்னொரு நாள் நான் அடுப்பங்கரையில் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், நான்கடி தூரம் கூட இல்லை. "அம்மா, நீ ரொம்ப தூரத்துல இருக்கே" என்றாள். அதை நான் எழுதவில்லை. சுருக்கென்றது. புத்தகம் புத்தகம் என்று அவளைக் கவனிக்காமல் விட்டதைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து வயதுக்குள் இவ்வளவு நயமாகக் குத்திக்காட்ட யார் சொல்லிக்கொடுத்தது, மாமியாரா என்று கூட ஒரு கணம் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் காகிதத்தைத் தொடாமல் அவளோடு கூடவே இருந்தேன். தூரம் குறைந்ததாக அவள் சொல்லவில்லை.

இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த மாதங்களில் நான் அவளிடம் அதிகம் சொன்ன வாக்கியம் எது தெரியுமா? "சொல்றது காதுல விழுதா இல்லையா?" எல்லா வீடுகளிலும் சொல்வதுதான். காலணியை எடுத்து வை என்று மூன்று தடவை சொல்லி, நான்காவது தடவை முன்னால் போய் நின்று இதைக் கேட்பேன். ஒருநாள் அவள் என் முகத்தைப் பார்த்து, "இல்லம்மா" என்றாள்.

திமிர் என்று நினைத்தேன். தொடையில் கிள்ளினேன். அன்று சாயங்காலம் வரை அந்த இடம் சிவந்திருந்தது.

நான் கேட்டது கேள்வியே இல்லை, ஓர் அதட்டல். அவளோ அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருந்தாள்.

மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னப் பெண், சாக்பீஸ் தூள் ஒட்டிய கையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நான் நல்லதாத்தானே மேடம் எழுதியிருந்தேன்?"

"இருப்பதே தெரியலைன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா. நாப்பத்தெட்டு பேர் இருக்காங்க. தெரியாம இருந்தா எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நல்ல பொண்ணுதான் மேடம். பேரை மட்டும் ரெண்டு தரம் கூப்பிடணும். எங்கயோ கனவுல இருக்கற மாதிரி இருப்பா. கடைசி பெஞ்ச்ல ஜன்னல் பக்கம் உக்கார வெச்சிருக்கேன், அவளுக்கு வேடிக்கை பாக்கப் பிடிக்கும்னு."

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தப் பெண் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு தரம் கூப்பிட வேண்டும். கடைசி பெஞ்ச். எனக்குக் கேட்டதெல்லாம் 'கனவு' என்ற ஒரு சொல்தான். என் மகளை மக்கு என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து, சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலுக்கு, "எங்கயோ கனவுல இருப்பா" என்பதை எடுத்துக்காட்டாக எழுதிவிட்டேன். அது இடக்கரடக்கலே அல்ல என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். கோபத்தில் எழுதினேன். பதிப்பாளர் அதைக் கவனிக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் தி.நகரில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மூன்றாம் வாரம் ரிக்‌ஷாக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

எங்கள் தெருவிலிருந்து ஏழு குழந்தைகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும். மகளை வீட்டில் விட்டுவிட்டு வழக்கமாகப் படியில் நின்றே குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று மாடி ஏறி வந்தார்.

"ம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே."

"சொல்லுங்க."

"பாப்பாவுக்குக் காது கேக்கல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "என்ன பண்ணினா? சொன்ன பேச்சு கேக்கலையா?"

"அய்ய, பேச்சு கேக்கலன்னா சொன்னேன்? காது கேக்கலன்றேன். ஸ்கூலு கேட்டாண்ட எல்லாத்தையும் ஏத்திட்டேன், இது மட்டும் ரோட்டோரமா திரும்பி நின்னுகினு கீது. பேரைச் சொல்லி நாலு வாட்டி கூப்ட்டேன். பின்னாடி ஒர்த்தன் சைக்கிள்ல பெல் அட்ச்சுகினே வரான். திரும்பல. நான் ஓடிப் போயி தோளப் புட்ச்சி இழுத்தேன். இல்லன்னா இட்ச்சிருப்பான்."

நான் அப்போதும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையை ரோட்டோரம் கவனிக்காமல் விட்டிருக்கிறார், நான் கேட்பதற்கு முன் பழியை அவள் மேலேயே போடுகிறார். "அவ ஏதோ யோசனையில இருந்திருப்பா" என்றேன். "கனவு காணுவா, அவ மிஸ்ஸே சொல்லியிருக்காங்க."

அவர் ஒரு படி இறங்கித் திரும்பினார். "நீ படிச்ச பொம்பள. நான் இன்னாத்தச் சொல்றது? பின்னாடி நின்னுகினு மெதுவா கூப்ட்டுப் பாரும்மா. அவ்ளோதான்." இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே மகள் சீருடையைக் கூடக் கழற்றாமல், ஜன்னலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு முதுகு. பிற்பகல் மூன்று மணி, வெயில் தரையில் விழுந்திருந்தது. நான் அறை வாசலில் நின்று மெதுவாக அவள் பெயரைச் சொன்னேன். க்ரேயான் நகர்ந்துகொண்டே இருந்தது. ஓரடி முன்னால் வைத்து, "பால்கோவா வேணுமா?" என்றேன். பால்கோவாவுக்கு அவள் தூக்கத்திலிருந்து எழுந்து வருவாள். திரும்பவில்லை. இன்னும் ஓரடி. "கடற்கரைக்குப் போலாமா?" சிவப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். குரலை உயர்த்த எனக்குப் பயமாக இருந்தது. உயர்த்தினால் கேட்டுவிடுமோ, கேட்காமல் போய்விடுமோ, இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் கால் அவள் தாளின் பக்கத்தில் தெரிந்தபோதுதான் நிமிர்ந்தாள். "அம்மா!" என்று சிரித்தாள்.

எதிரில் உட்கார்ந்தேன். அவள் என் உதடுகளையே பார்த்தாள். அவள் எப்போதும் என்னை அப்படித்தான் பார்க்கிறாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அம்மா மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணா, மிஸ் மீன் மாதிரி பேசறாங்கன்னு சொன்னியே, எதுல மீன் மாதிரி?"

இவ்வளவு சுலபமான கேள்வியா என்பது போல் பார்த்தாள். "வாய் தொறக்கறாங்க. சத்தம் வரல" என்றாள். பிறகு எனக்குப் புரியவில்லையோ என்று மீன்தொட்டியைக் காட்டி, தன் வாயைத் திறந்து மூடிக் காண்பித்தாள்.

மறுநாளே அடையாறு. மருத்துவர் சின்ன விளக்கை வைத்து இரண்டு காதுகளையும் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் சளி கட்டி நிற்கிறது, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார். அந்த நிலையிலும் எனக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்:

"டாக்டர், யாராவது கன்னத்துல அறைஞ்சிருப்பாங்களா? ஸ்கூல்ல?"

"ஏம்மா, வீட்ல நீங்க அறைவீங்களா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப எதுக்கு ஸ்கூல்ல அறையணும்? சளிம்மா. வெறும் சளி."

வெறும் சளி. அந்த இரண்டு சொற்களுக்கு அடியில் வேறெதுவும் இல்லை. நான் வெகுநேரம் தேடிப் பார்த்தேன்.

ஆறு வாரம் மருந்து கொடுத்தார்கள். முழுதாகக் கரையவில்லை. பிறகு ஒரு காலை நேரத்தில் மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் அரிசி அளவு குழாய் ஒன்றை இரண்டு காதிலும் வைத்தார்கள். அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நடுவே நான் தி.நகருக்கு ஓடினேன். அந்த மீன் எடுத்துக்காட்டை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும் என்று. பதிப்பாளர் அச்சடித்த தாள்களின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஃபாரம் அச்சு ஓடியாச்சே மேடம். என்ன தப்பு அதுல?"

"அது உவமை இல்ல சார்."

"'மாதிரி' இருக்கே?"

"இருக்கு. ஆனா பொதுத்தன்மை தப்பு. திறந்து மூடறது இல்ல. சத்தம் இல்லாம இருக்கறது."

அவர் ஒரு தாளை உருவிப் படித்தார். "அப்படிப் பாத்தாலும் உவமைதானே?"

அவர் சொன்னது சரி. அது உவமைதான். முதல் நாளிலிருந்தே சரியான உவமை. அவள் அழகுக்காகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளிடம் வேறு வழி இல்லை. 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்ல, கேட்பது என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு உலகமே மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த ஊமைகள் மூன்று தங்கமீன்கள். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அதை அச்சுக்குக் கொடுத்தேன்.

'தற்குறிப்பேற்றம்' என்ற சொல்லுக்கு அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய விளக்கம் இப்போதும் நினைவிருக்கிறது. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தம் மனக்குறிப்பை ஏற்றிச் சொல்வது. 'கவிஞர்' என்ற சொல்லை எடுத்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க நான் செய்தது அதுதான். மாமியின் மேல், மிஸ்ஸின் மேல், ரிக்‌ஷாக்காரரின் மேல். மாமி உண்மையிலேயே எங்கள் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. அவருடைய டிவி ரிப்பேர். மகளுக்குக் குணமாகி எங்கள் வீட்டில் சத்தம் குறைந்ததும், "என்னம்மா, இப்பல்லாம் நியூஸே வைக்கறதில்லையா?" என்று கேட்டார். நான் அசடு வழிய நின்றேன். ரிக்‌ஷாக்காரரிடம் நன்றி சொன்னபோது, "இன்னாத்துக்கும்மா, கூப்ட்டுப் பாத்தியா, அதான் வேணும்" என்று பெடலை மிதித்துப் போய்விட்டார்.

குழாய் வைத்து வந்த மறுநாள் காலை, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் துள்ளி எழுந்தாள். "அம்மா, பேப்பர் கத்துது!"

நான்கு மாதம் முன்பு என்றால் பேனாவைத் தேடியிருப்பேன். அன்று கீழே மாமி வீட்டுக்கு ஓடிப் போய் மருத்துவருக்கு போன் செய்தேன். "கேக்குதும்மா, அதான். பழகிடும்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் நான் கேட்க ஆரம்பித்தேன். "வயித்துல பட்டாம்பூச்சி பறக்குது" என்றால், "எங்க? வலிக்குதா? இங்கயா?" என்று அழுத்திப் பார்ப்பேன். "பஸ் பெருமூச்சு விடுது" என்றால், "எந்தக் காதுல கேக்குது, ரெண்டுலயுமா?" என்பேன். "நிஜமாவா? எதுல அந்த மாதிரி? எப்போலேர்ந்து?" இந்த மூன்று கேள்விகள் இல்லாமல் அவளுடைய ஒரு வாக்கியத்தையும் நான் விட்டதில்லை. என் கணவர் ஒருநாள், "அது குழந்தைடி. குற்றவாளி இல்ல" என்றார். நான் விடவில்லை. முன்பு ஒரு கேள்வி கேட்காமல் விட்டவள் நான். இனி எதையும் கேட்காமல் விட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அதை முழுக்கத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது இரண்டாம் வகுப்பு. எதையாவது சொல்ல வருவாள், பாதியில் என் முகத்தைப் பார்ப்பாள், "சும்மா சொன்னேன்மா" என்று முடித்துவிடுவாள். சில நாள் ஆரம்பிக்கும்போதே, "சும்மாதான் சொல்றேன், ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறாள். அவள் அப்பாவிடம் அப்படி இல்லை. நான் உள்ளே இருக்கும்போது கூடத்தில் அவரிடம் கலகலவென்று பேசுகிறாள். நான் வந்ததும் வாக்கியங்கள் சின்னதாகிவிடுகின்றன. சாப்பிட்டேன். எழுதிட்டேன். தெரியாது.

போன வாரம் திருவான்மியூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம், வெளிச்சம் குறையும் நேரம். அவள் அங்கிருந்த ஒரு கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "சாயங்காலமானா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகருது."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் முகம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. அவள் உடனே புத்தகத்தை மூடிவிட்டாள். "சும்மா சொன்னேன்மா. நகரல. நிஜமா நகரல."

இது கண்ணில் ஏதோ கோளாறா? மங்கிய வெளிச்சத்தில் எல்லோருக்கும் தோன்றுவதா? அல்லது ஒரு ஏழு வயதுப் பெண் பார்த்துச் சொன்ன ஓர் உவமை மட்டும்தானா? லஸ்ஸில் ஒரு கண் மருத்துவரிடம் அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அழைத்துப் போனால், இனிமேல் அவள் என்னிடம் ஒன்றுமே சொல்ல மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. போகாவிட்டால், இன்னொரு மருத்துவர் இன்னொரு சீட்டில் "எப்போலேர்ந்து?" என்று கேட்கும்போது நான் என்ன சொல்வேன்?

இதைப் படிக்கிற தாய்மார்களில், ஆசிரியைகளில், அனுபவப்பட்டவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை அவளை அழைத்துப் போகலாமா, வேண்டாமா? போவதென்றால், அவள் சொன்னதால்தான் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றாதபடி என்ன சொல்லி அழைத்துப் போவது? எனக்கும் சேர்த்துக் கண்ணைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லலாம் என்று யோசித்திருக்கிறேன். ஆனால் நான் அப்படிச் சொன்னால், அவள் அதை அப்படியே நம்புவாளா?